என் தோலும் மூன்றாவது முடிச்சும்

எனக்குச் சொரியாசிஸ் வந்தது எழுபதுகளின் கடைசியில், பள்ளிப் படிப்பை முடித்த வருடம். முதலில் முழங்கை சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. பிறகு முழங்கால், தலை, கடைசியில் கைவிரல்களின் கணுக்கள். முழங்கையை நீளச் சட்டைக்குள் மறைக்கலாம், முழங்காலைச் சேலைக்குள் மறைக்கலாம். கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? சோறு போட, சில்லறை நீட்ட, கும்பிட, எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பது அதுதானே.

பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் வீட்டுக்கொரு வைத்தியர் இருந்தார். இறாலை நிறுத்து என்றார் ஒருவர். கத்தரிக்காயை நிறுத்து என்றார் இன்னொருவர். பெலாச்சானை, அந்த இறால் விழுதை, கண்ணால்கூடப் பார்க்காதே என்று எதிர்வீட்டு அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் நிறுத்தினேன், செதில் மட்டும் நிற்கவில்லை. நாக்கைக் கட்டாதவள் என்ற கெட்ட பெயர்தான் மிச்சம். வெறும் ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்!

அதைவிடப் பெரிய கொடுமை ஜெரெஜாக். பினாங்குக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவில் ஒரு காலத்தில் தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோதே அதை மூடிவிட்டார்கள், ஆனால் எங்கள் ஆட்களின் வாயில் அது மூடப்படவே இல்லை. "பாத்துக்கம்மா, முன்ன காலமா இருந்தா ஜெரெஜாக்குக்கு ஏத்தியிருப்பாங்க" என்று என் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, என் எதிரிலேயே சொன்னார். இது அது இல்லை, ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் எத்தனை முறை சொன்னாலும், டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்று முடித்துவிடுவார்கள். டாக்டர் சொல்வதையும் நம்ப மாட்டார்கள், நான் சொல்வதையும் நம்ப மாட்டார்கள், பசாரில் மீன் வாங்க வந்தவள் சொன்னால் மட்டும் நம்புவார்கள்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுக் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தேன். தூசி படக்கூடாத அறையில், வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, நுண்ணோக்கிக்குக் கீழே சின்னஞ்சிறு தகடுகளைப் பார்க்கும் வேலை. ஒரு நாள் கையுறையைக் கழற்றும்போது மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். தோலிலிருந்து உதிரும் துகள் பொருளைக் கெடுக்கும் என்று என்னைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பிடித்திருந்த பேனாவை அவர் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாரே, அதற்கு என்ன நியாயம்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதன்பிறகு வந்த பதினைந்து வருடத்தையும் தார் மருந்து வாசத்தோடு கழித்தேன். உண்மையான தார்தான், ரோட்டில் ஊற்றுவார்களே அந்த வாசம். தலையணை உறையெல்லாம் பழுப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. வந்தார்கள், டீ குடித்தார்கள், கையைப் பார்த்தார்கள், போனார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் மாதந்தோறும் போய்வந்த தோல் கிளினிக்கில் ஒருநாள் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சீனப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து கை குலுக்கினார். வெறுங்கையால். அதற்காகவே அவர் கேட்டதற்கெல்லாம் சரி சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். என் தோலில் இரண்டு இடத்திலிருந்து மிளகளவு துண்டு வேண்டுமாம். ஒன்று செதில் உதிரும் இடத்திலிருந்து, இன்னொன்று ஒரு கோளாறும் இல்லாத இடத்திலிருந்து.

கெட்டதை வெட்டுகிறீர்கள் சரி, உருப்படியாக இருப்பதையும் எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, வட்டமாக வெட்டி எடுத்து, தையல் போட்டார்கள். எடுத்த துண்டுகளை உடனே ஒரு சின்னக் குழாயில் போட்டு, வெள்ளைப் புகை கக்கும் பாத்திரத்துக்குள் இறக்கினார் அந்தப் பெண். தாமதித்தால் உள்ளே இருப்பது சிதைந்துவிடுமாம். என் உடம்பிலிருந்து விழுந்த எதையும் யாரும் அவ்வளவு பத்திரமாக எடுத்துவைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நான் உட்கார்ந்து எழுந்த இடத்தைக் கூட்டித்தான் பழக்கம்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குப் பின்னால் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அப்பா போன பிறகு நான் கிலாங்கில் பெட்டி கட்டிய சம்பளத்தில் படித்து, ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். பெண் கெப்பாலா பத்தாஸ் பக்கம். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காளோ தங்கையோ, பெண்ணுக்குப் பின்னால் விளக்கோடு நிற்கிறவள், போடுவாள். நாத்தனார் முடிச்சு என்பார்கள். இந்த வீட்டுக்கு வருகிறவளை இந்த வீட்டுப் பெண்ணே கட்டி அழைத்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். எனக்கென்று கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு மணவறையில் ஏறி நிற்க எனக்கு இருந்த உரிமை இந்த ஒன்றுதான். நான் அதற்குச் சேலைகூட எடுத்துவிட்டேன்.

அம்மா அதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. சின்னம்மா வீட்டுக்கு வந்து, முறுக்கு தின்றுகொண்டே, முடிச்சைத் தன் மகள் போடட்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சின்னம்மா மகளும் தம்பிக்குத் தங்கை முறைதானே, முறையில் ஒன்றும் பிசகில்லையாம். பெண் வீட்டார் புதிது, கழுத்தில் கை படும், அவர்கள் ஏதாவது நினைத்துக்கொள்ளக் கூடாதாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்று புரிந்தது. பெற்ற தாய் இருக்கும்போது எனக்கு நடந்ததை எனக்குச் சொல்லச் சின்னம்மா வர வேண்டியிருந்தது.

மறுநாளே அரைநாள் லீவு போட்டுக்கொண்டு அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணைத் தேடிப் போனேன். என் தோலைக் கொடுத்துப் பல மாதமாகிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதில் என்ன பார்த்தீர்கள் என்று இப்போதே எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். கொடுத்தவர்களுக்குத் தனித்தனியாகக் காட்டுவது வழக்கமில்லை என்று தயங்கினார். அது நீங்கள் கடையில் வாங்கிய தோல் இல்லை, என் முதுகிலும் முழங்கையிலும் இன்னும் தழும்பு இருக்கிறது என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது என்பது அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. அந்தப் பெண் எழுந்துபோய் ஒரு பிலிமை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

எக்ஸ்ரே படம் போலத்தான் இருந்தது, எலும்புக்குப் பதில் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள். இடது பக்கம் என் நல்ல தோல். அங்கே கட்டை இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. வலது பக்கம் செதில் தோல். அங்கே மை கொட்டினது போல் கறுத்திருந்தது. கீழே இன்னொரு வரிசையில் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. அது இரண்டிலும் சம அளவுதான் எடுத்தோமா என்று சரிபார்க்கிற வரிசையாம்.

நான் மறுபடி மறுபடி கேட்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார். உடம்பு முழுக்க, நல்ல தோலிலும் கெட்ட தோலிலும், இருக்கிற மரபணுக்கள் ஒன்றேதான். எந்த மரபணு எந்த இடத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஒரு மரபணு வேலை செய்யும்போது அது அனுப்பும் செய்தியை அளந்துதான் இந்தக் கட்டைகளாகப் பார்க்கிறார்கள். எல்லா வீட்டிலும் ரேடியோ இருக்கிறது, ஒரு வீட்டில் மட்டும் சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டதைப் போல என்றார். கறுத்திருக்கிற இந்த மரபணு, காயம் பட்டால் தோலை ஆற்றுவதற்காக எழுந்திருக்கிற வகை. என் முழங்கையில் காயமே இல்லாமல் அது எழுந்துகொண்டு ராப்பகலாக வேலை செய்கிறது. அதனால்தான் ஒரு மாதத்தில் மேலே வரவேண்டிய தோல் சில நாட்களிலேயே முண்டியடித்து வந்து உதிர்கிறது. எதனால் அப்படி எழுகிறது என்பதை இன்னும் யாரும் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை, அதற்குத்தான் இந்த வேலையெல்லாம். கிருமி இல்லை, அழுக்கு இல்லை, இறால் இல்லை.

எனக்கு அழுகை வந்தது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இத்தனை வருடம் என்னைக் கரித்துக்கொட்டிய ஒவ்வொருவரையும் வரிசையில் நிறுத்தி அந்த ஜன்னலுக்கு முன்னால் கூட்டிவர வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண் ஒரு டிஷ்யூவைக் கொடுத்துவிட்டு, இன்னொரு உதவி கேட்டார். இந்த நோய் இல்லாத உடன்பிறந்தவரின் தோலில் அதே மரபணு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். தம்பி வருவாரா?

அன்றைக்குச் சாயந்தரம் அம்மாவையும் தம்பியையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோ, கட்டை, காயம் எல்லாம். எனக்கு வக்கீல் வேலை தெரியாது, ஆனால் அன்றைக்கு நன்றாகவே பேசினேன். இதோடு வாய் மூடுவார்கள் என்று நினைத்தேன். தம்பி படித்தவன் அல்லவா, அவன்தான் முதலில் கேட்டான்: "ஜீன்னா அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றதுதானேக்கா?" நான் ஆமாம், ஆனால் என்று தொடங்குவதற்குள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்த 'ஆனால்' கடைசிவரை என் வாயிலேயே நின்றுவிட்டது.

அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "இத வெளிய மூச்சு விடாத. ஒட்டிக்கிற நோய்னே இருந்துட்டுப் போகட்டும்லா. அது உன்னோட போயிடும். ரத்தத்துல இருக்குன்னு தெரிஞ்சா உன் தம்பிக்கு யாரு பொண்ணு கொடுப்பா?"

அந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இத்தனை வருடம் ஒட்டும் என்று பயந்து என்னை ஒதுக்கினார்கள். ஒட்டாது என்று நான் அத்தாட்சியோடு வந்து நின்றபோது, ஒட்டுவதாகவே இருக்கட்டும் என்கிறார் அம்மா, ஏனென்றால் ஒட்டுகிற நோய் என்றால் என்னை மட்டும் ஓரங்கட்டினால் போதும். என் கை தீட்டாக இருந்தால்தான் தம்பியின் ரத்தம் சுத்தமாக இருக்கும். நான் தம்பியைப் பார்த்தேன். ஆராய்ச்சிக்கு ஒரு மிளகளவு தோல் கொடுப்பாயா என்று கேட்டேன். "கல்யாணம் முடியட்டும்க்கா, இப்ப யாராச்சும் பாத்தா வம்பு" என்றான். அவனுக்குத் தழும்பைப் பற்றிக் கவலையில்லை, கிளினிக் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான் கவலை. பெண் வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குக் கிலாங் ரசாயனம் பட்டு அலர்ஜி என்று சொல்லி வைத்தார்கள். அப்படியே பூசி மெழுகிவிட்டார்கள்.

கல்யாணம் ஜார்ஜ் டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. எனக்கு வாசலில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து நிறுத்தினார்கள். பன்னீர் தெளிப்பதில் ஒரு வசதி, யாரையும் தொட வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே தெளித்தேன். என்னை விசாரித்தவர்கள் எல்லாரும் கையைத்தான் விசாரித்தார்கள். மேளம் வேகமெடுத்தபோது செம்பைப் பாக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மணவறைக்கு நடந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. என் தம்பி கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட வேறொருவர் வேண்டுமா?

சின்னம்மா மகள் விளக்கோடு பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா கண்ணாலேயே என்னை இறங்கச் சொன்னார். நான் இறங்கவில்லை. தம்பி தாலியை எடுத்துப் பெண்ணின் கழுத்தில் வைத்து, முதல் முடிச்சைப் போட்டான். பிறகு நிமிர்ந்தான். ஒரு முறை என்னைப் பார்த்தான், ஒரு முறை அவளைப் பார்த்தான். "அக்கா" என்று ஒரு வார்த்தை போதும், கூட்டத்தில் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. அவன் குனிந்து இரண்டாவது முடிச்சையும் தானே போட்டான், மூன்றாவதையும் தானே போட்டான். பூவும் அரிசியும் எங்கள் தலைகளில் விழுந்தன.

சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். யார் மனமும் நோகாமல் நடந்துகொண்டானாம், பெரிய மனுஷனாகிவிட்டானாம். யார் மனமும்! எனக்கு மனம் என்று ஒன்று இருப்பதையே அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. என்னை வேண்டாம் என்று நேராகச் சொன்ன சின்னம்மாவை ஒரு விதத்தில் மன்னித்துவிடலாம். இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போனவனை என்னால் இன்றுவரை முழுசாக மன்னிக்க முடியவில்லை. தோல் கொடுக்கிற பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம், தம்பிக்கு வசதிப்படவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் புரிந்துகொண்டது போல் தலையாட்டினார். இப்படி எத்தனை தம்பிகளைப் பார்த்திருப்பாரோ.

தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து சில வாரம் என்னிடம் அதிகம் பேசவில்லை. நானும் ஒதுங்கியே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பின்கட்டில் தார் மருந்தைக் கையில் தடவிக்கொண்டிருந்தபோது வந்து நின்று, அன்றைக்கு ஏன் நான் முடிச்சுப் போடவில்லை என்று கேட்டாள். குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் நடந்தது தெரியாதுதான், ஆனால் மூன்று முறையும் ஒரே கை பட்டது தெரிந்திருக்கிறது. கிலாங் ரசாயனம் என்று சொல்ல வாய் வந்தது. பிறகு, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பொய்யைச் சுமப்பது என்று தோன்றி, அம்மா போட்ட தடையை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். ஜீன் உட்பட. உன் பிள்ளைக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். "வலிக்குமா அண்ணி?" என்று கேட்டாள். அந்த வீட்டில் யாரும் அதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. குளிர்காற்று அடித்தால் வெடிக்கும், அப்போது வலிக்கும் என்றேன். பிறகு அவள் சொன்னாள்: "எங்கப்பாவுக்கு இனிப்பு நீர். தாத்தாவுக்குக் காலையே எடுத்துட்டாங்க. அத உங்ககிட்ட யாரும் சொல்லலையே?" சொல்லவில்லைதான், சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட. இரண்டு குடும்பமும் ஆளுக்கொன்றை மறைத்துவைத்துத்தான் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர்கள் மறைத்ததற்காக அந்த வீட்டில் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை அல்லவா?

கல்யாணமான மூன்றாவது மாதம் தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கு வந்தது. கல்யாணக் கயிற்றைக் கழற்றி, தாலியோடு மணியும் பவளமும் சேர்த்துப் புது மஞ்சள் கயிற்றில் கோர்த்து மறுபடி கட்டுவார்கள். பெண்கள் மட்டும் கூடுகிற காரியம். அம்மா, சின்னம்மா, அவர் மகள், பெண்ணின் தாயார், அக்கம்பக்கத்துச் சுமங்கலிகள் நாலைந்து பேர். நான் அடுப்படி வாசலில் நின்றேன். சின்னம்மாதான் கோர்த்தார். கோர்த்து முடித்துக் கயிற்றைப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முடிச்சுப் போட்டார்.

மூன்றாவதற்குக் கை போகும்போது தம்பி மனைவி சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு முதுகு காட்டித் திரும்பி, பின்னலைத் தூக்கி முன்னால் போட்டாள். கழுத்து முழுக்கத் தெரிந்தது.

"அண்ணி, இது உங்க முடிச்சு. நீங்க வந்து போடுங்க."

பெண்ணின் தாயார் முகத்தில் ஒன்றும் புரியாத சிரிப்பு. சின்னம்மா கயிற்றை விட்டுவிட்டு நகர்ந்தார். நான் நடந்து போனேன். அவளுக்குப் பின்னால் நான் மண்டியிட்டபோது, அம்மா மெல்லிய குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"கையக் கழுவிட்டு வா."

நான் கழுவவில்லை. அப்படியே போட்டேன், இறுக்கி.